மார்த்தாண்டத்துத் தேன் கடையின் பொருள் பட்டியல்: ஆன்லைன் கடைக்கு ஏற்றியபோது நடந்தவை

பின்னணி

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு குடும்பக் கடை. தேன், கருப்பட்டி, நல்லமிளகு, கிராம்பு, குடம்புளி, முந்திரிப்பருப்பு, நேந்திரங்காய் சிப்ஸ் என்று கன்னியாகுமரி மாவட்டத்தில் கிடைக்கிற பொருட்களை விற்கிறார்கள். கொள்முதலைக் கணவர் பார்க்கிறார். கல்லாவிலும் பேக்கிங்கிலும் நிற்பவர் மனைவி. கல்லூரியில் படிக்கும் மகன் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறான். சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் கொரியரில் அனுப்பச் சொல்லிக் கேட்டுக் கேட்டு, கடைசியில் வேர்ட்பிரஸ் (இணையதளம் அமைக்கும் மென்பொருள்), அதோடு சேர்ந்து கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் இரண்டையும் வைத்து ஓர் ஆன்லைன் கடையைத் தொடங்கினார்கள்.

நான் நாகர்கோவிலில் இருந்துகொண்டு சிறு கடைகளுக்கு இந்த மாதிரி வேலைகளைச் செய்து கொடுக்கிறேன். தளத்தை அமைத்தவர் வேறொருவர். கடை ஓடத் தொடங்கிச் சில மாதங்கள் கழித்து, பட்டியல் குழம்பிய பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறேன்.

இந்த வட்டாரத்துத் தேன் வியாபாரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரப்பர் மரம் இலை உதிர்த்துப் புதுத் துளிர் விடும்போது அதன் இலைக்காம்பில் இனிப்பு சுரக்கும். இங்கே பெட்டிகளில் வளர்க்கும் தேனீக்களுக்கு முக்கிய வரத்து அதுதான். தை மாதத்துக்கு மேல் தொடங்கிக் கோடையோடு முடிந்துவிடும். அந்த வருட வரத்தைப் பார்த்துத்தான் விலை வைப்பார்கள். ஆகவே வருடத்துக்கு ஒரு தடவையாவது பட்டியல் முழுக்க விலை மாறும். ஒருமுறை ஏற்றிவிட்டு மறந்துவிடக்கூடிய கோப்பு இல்லை இது. குழப்பம் தொடங்கியதும் அப்படி ஒரு விலை மாற்றத்தில்தான்.

இரண்டு பதிவேற்றங்கள்

முதல் பதிவேற்றத்தைத் தளம் அமைத்தவரே செய்தார். கடையின் பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல்) எடுத்து, எக்செல்லில் திறக்காமல் நேராக ஏற்றிவிட்டார். ஏறக்குறைய 140 வரிகள். ஒவ்வொரு பேக்கும் ஒரு தனிப் பொருளாக வந்தது. பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருந்தன. விளக்கம் எதுவும் கிடையாது. பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருந்ததால் அப்படியே கடையைத் திறந்தார்கள்.

கோடை முடிந்ததும் புது விலை வந்தது. மகன் அதே கோப்பை எக்செல்லில் திறந்தான். விலைகளை மாற்றினான், தமிழில் விளக்கம் சேர்த்தான், சேமித்தான், ஏற்றினான். இறக்குமதிப் பக்கத்தில் "ஏற்கெனவே உள்ள பொருட்களைப் புதுப்பிக்கவும்" என்ற கட்டத்தை அவன் டிக் செய்யவில்லை. அதை டிக் செய்யாவிட்டால் வூகாமர்ஸ் இப்படி நடந்துகொள்ளும்: கோப்பிலுள்ள குறியீடு (ஒவ்வொரு பேக்குக்கும் கடை கொடுத்திருக்கும் அடையாளக் குறி) கடையில் ஏற்கெனவே இருந்தால் அந்த வரியைத் தொடாமல் விட்டுவிடும், இல்லாவிட்டால் புதுப் பொருளாகச் சேர்க்கும்.

அன்று வந்த முடிவு இது. மிளகு, கிராம்பு, கருப்பட்டி எல்லாம் பழைய விலையிலேயே நின்றன. தேன் வகைகள் மட்டும் இரட்டையாகத் தெரிந்தன. ஒன்று பழைய விலையில், இன்னொன்று புது விலையில், விளக்கம் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். வாங்க வந்தவர்கள் இயல்பாகவே குறைந்த விலையில் இருந்ததை எடுத்தார்கள். அந்த ஆர்டர்களைக் கடைக்காரர் பழைய விலைக்கே அனுப்பிக் கொடுத்தார். அது அவர் முடிவு, நல்ல முடிவு.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று முதல் நாளிலிருந்தே இருந்தது. பெங்களூருவிலிருந்து ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, தேனைக் கூடையில் போட்டால் "இந்த முகவரிக்கு அனுப்பும் வசதி இல்லை" என்று வருகிறதே என்று கேட்ட பிறகுதான் அது வெளியே தெரிந்தது. எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்களோ, கணக்கில்லை. என்னைக் கூப்பிட்டது அந்தப் போனுக்குப் பிறகு.

கோப்பைத் திறந்து பார்த்ததில் தெரிந்தவை

முதலில் தேன் ஏன் இரட்டித்தது என்று பார்த்தோம். கடையில் தேன் பேக்குகளுக்கு மார்த்தாண்டத்தின் பெயரிலிருந்து எம், ஏ, ஆர் என்ற மூன்று ஆங்கில எழுத்தை எடுத்து, ஒரு சிறு கோடு போட்டு, எண் கொடுத்திருந்தார்கள். எக்செல் அதை மார்ச் மாதம் என்று படித்துவிட்டது. ஐந்தாம் எண் தேன் மார்ச் 5 ஆனது. 31 வரை எல்லாம் தேதியாகி, எண் முன்னும் மாதம் பின்னுமாகத் திரும்பி நின்றன. அதற்கு மேல் போன எண்களில் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. ஆனால் 32 என்பது உள்ளே 1932-ஆம் வருட மார்ச்சாகப் பதிவாகியிருந்தது. குறியீடு இப்படித் திரும்பிப்போனவை கடைக்குப் புதுப் பொருட்களாகத் தெரிந்தன. மற்ற குறியீடுகளில் மாதப் பெயர் எதுவும் இல்லாததால் அவை தப்பித்தன. தப்பித்ததால் புது விலை ஏறவில்லை.

இது இந்தப் பையனின் கவனக்குறைவு என்று யாரும் சொல்ல வேண்டாம். மரபணு ஆராய்ச்சியாளர்களுக்கே இதே தொல்லை இருந்தது. மார்ச், செப்டம்பர் மாதச் சுருக்கங்கள் போலத் தெரிந்த மனித மரபணுப் பெயர்களை, பெயர் வைக்கும் குழுவே மாற்றி 2020-ல் அறிவித்தது. எக்செல்லின் புதிய பதிப்புகளில் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்க 2023-ல் ஒரு வசதி வந்தது. கடையில் இருந்தது அதற்கு முந்தைய பதிப்பு.

இதே காரணத்தால் வேறு இரண்டு நெடுவரிசைகளும் கெட்டிருந்தன. வரிக்காகப் பொருட்களை வகைப்படுத்தும் எச்எஸ்என் குறியீட்டில் தேனுக்கு 0409, மிளகுக்கு 0904, கிராம்புக்கு 0907. முன்னால் நிற்கும் பூஜ்யத்தை எக்செல் எடுத்துவிட்டதால் 409, 904, 907 என்று மூன்று இலக்கமாகிவிட்டன. வெளியிலிருந்து வாங்கி விற்கும் முந்திரி பாக்கெட்டுகளில் 890 என்று தொடங்கும் 13 இலக்க பார்கோடு இருக்கும். அது 8.9, பத்தின் அடுக்கு 12 என்ற சுருக்க வடிவத்துக்கு மாறி, அந்த வடிவத்திலேயே சிஎஸ்வியில் எழுதப்பட்டிருந்தது. அப்படி எழுதிச் சேமித்துவிட்டால் மீதி இலக்கங்களைத் திரும்ப எடுக்க வழியில்லை. பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் மறுபடி அடிக்க வேண்டும்.

அனுப்பும் வசதி இல்லை என்று வந்ததற்குக் காரணம் எடை. பில்லிங் சாஃப்ட்வேரில் கிராம் கணக்கு. ஆன்லைன் கடையின் அமைப்பில் கிலோ. 250 கிராம் தேன் 250 கிலோவாகப் பதிவாகியிருந்தது. கொரியரின் உச்ச எடைக்கு மேலே போனதால் எந்தக் கட்டணமும் காட்டவில்லை. கிலோவில் பதிவாகியிருந்த சில பொருட்களுக்கு மட்டும் கட்டணம் சரியாக வந்தது. ஆர்டரும் அவ்வப்போது வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

முதலில் எடுத்த முடிவு

உடனே ஒரு புதுக் கோப்பை ஏற்றிச் சரிசெய்துவிடலாம் என்பதுதான் வீட்டாரின் விருப்பம். ஓணம் வந்துகொண்டிருந்தது, சிப்ஸுக்கும் வெல்லப்பாகில் புரட்டிய சர்க்கரை வரட்டிக்கும் அதுதான் காலம். நான் வேண்டாம் என்றேன். என்ன பிழை என்று முழுக்கத் தெரியாமல் மூன்றாவது கோப்பை ஏற்றினால், எது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்றே கண்டுபிடிக்க முடியாமல் போயிருக்கும்.

ஆகவே இரட்டையாக வந்த புதுத் தேன் பதிவுகளை வரைவு நிலைக்கு மாற்றி மறைத்தோம். எடையை வைத்துக் கணக்கிடும் கொரியர் கட்டணத்தை நிறுத்திவிட்டு, தற்காலிகமாக ஒரே கட்டணம் வைத்தோம். அப்புறம் கடையில் அப்போது இருந்த எல்லாப் பொருட்களையும், ஒவ்வொன்றுக்கும் வூகாமர்ஸ் கொடுத்திருக்கும் உள் எண்ணோடு சேர்த்து ஏற்றுமதி செய்து, யாரும் கை வைக்காத ஒரு நகலாக எடுத்து வைத்தோம். பின்னால் எல்லாவற்றுக்கும் கைகொடுத்தது அந்த நகல்தான்.

கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து செய்த வேலை

இந்த வேலையில் அதிக நேரம் எடுத்ததும், அதிகப் பலன் கொடுத்ததும் இந்தப் பகுதி. பில்லிங் சாஃப்ட்வேரில் இருந்தது பில் போடுவதற்கான பட்டியல். வாங்குகிறவர் பார்க்க வேண்டிய பட்டியல் அந்தக் கடையில் ஒரே இடத்தில்தான் இருந்தது: கல்லாவில் நிற்கும் அந்த அக்காவின் மனதில்.

நான் முதலில் போட்டு வைத்திருந்த அமைப்பில் தேன் என்பது ஒரு பொருள். வகையும் அளவும் அதற்குள் தேர்ந்தெடுப்பவை. அதைப் பார்த்ததும் அவர் சொன்னார்: "தம்பி, அளவு யாரும் முதல்ல கேக்கமாட்டாவ. என்ன தேன்னுதான் கேப்பாவ. சிறுதேன் கேட்டு வாறவங்களுக்கு ரப்பர் தேனைக் காட்டினா திரும்பிப் போயிருவாவ." அவர் சொன்னதுதான் சரி. சிறுதேன் என்பது கொடுக்கில்லாத சிறு தேனீயின் தேன், மருந்துக்கு வாங்குவது. விலையும் பல மடங்கு. ரப்பர் தேன் அன்றாடம் வீட்டுக்கு வாங்குவது. தேன் நெல்லிக்காய் தின்பண்டம். இவை மூன்றும் மூன்று தனிப் பொருட்கள். அளவுகள் மட்டும் ஒவ்வொன்றுக்கும் உள்ளே வரும் தேர்வுகள். கோப்பில் இதைச் செய்ய, தாய்ப் பொருளுக்கு ஒரு வரி, அதன் கீழே ஒவ்வொரு அளவுக்கும் ஒரு வரி, அந்த வரிகளில் தாய்ப் பொருளின் குறியீடு என்று அமைக்க வேண்டும். விலையும் ஸ்டாக்கும் அளவு வரிகளில்தான் வரும். தாய் வரியில் காலியாக விட வேண்டும்.

பழைய பட்டியலில் சில தேன் பேக்குகளுக்கு அலகு "குப்பி" என்று இருந்தது. 750 மில்லி குப்பி அது. தேன் தண்ணீரைவிட அடர்த்தியானது. லிட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ வரும். ஆக ஒரு குப்பியில் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே தேன் இருக்கும். கடைக்கு நேரில் வருகிறவருக்குக் குப்பி கண் முன்னால் இருக்கிறது. சென்னையில் இருப்பவருக்குத் திரையில் எண் மட்டும்தான். ஒரு பேக் மில்லியிலும் அடுத்தது கிராமிலும் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாது. பொட்டலப் பொருள் விதிகளின்படியும் தேனை எடையில்தான் அறிவிக்க வேண்டும். எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்றினோம். குப்பி பேக்கை ஒரு கிலோ என்று நிறுத்து நிரப்புவதாக முடிவாயிற்று.

கருப்பட்டிதான் ரொம்பப் பேச வைத்தது. ஒவ்வொரு கருப்பட்டியும் ஒவ்வோர் எடை. ஒரு கிலோ கேட்டால் கையில் வருவதை நிறுத்து, வந்த எடைக்குக் காசு வாங்குவார்கள். ஆன்லைனில் பணம் முதலிலேயே வந்துவிடுகிறது. கூடக் குறைய இருந்தால் பிறகு கணக்குப் பார்க்க முடியாது. அரை கிலோ, ஒரு கிலோ என்று இரண்டே பேக். தேவைப்பட்டால் உடைத்துப் போட்டு எடையைச் சரிக்கட்டுவது. ஒரு கிராம்கூடக் குறையாமல் பார்த்துக்கொள்வது என்று தீர்மானித்தார்கள். உடைந்த துண்டு வந்தால் வாங்குகிறவர் குறை நினைக்காமல் இருக்க, விளக்கத்தில் அதை ஒரு வரியில் சொல்லச் சொன்னவரும் அந்த அக்காதான்.

கிராம்பின் தலைப்பில் ஒரு யோசனை வந்தது. கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. இவர்கள் மாறாமலைப் பக்கத்திலிருந்து நேராக வாங்குகிறார்கள், ஆகவே அந்தப் பெயரைப் போட வேண்டும் என்று கணவர் விரும்பினார். அந்தப் பெயரைப் பயன்படுத்த, அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு முடியும்வரை தலைப்பில் வெறும் கிராம்பு என்றே வைப்பதாக முடிவு செய்தோம்.

பட்டியலில் இல்லவே இல்லாத சில நெடுவரிசைகளும் தேவைப்பட்டன. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளில் செய்த திருத்தம் 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி தயாரிப்பவர் அல்லது பேக் செய்தவரின் பெயர் முகவரி, நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை போன்ற விவரங்களை ஆன்லைன் பக்கத்திலும் காட்ட வேண்டும். லேபிளில் எல்லாம் இருந்தன, கோப்பில்தான் இல்லை. லேபிளைப் பார்த்துப் பார்த்து அடித்துச் சேர்த்தோம்.

குறியீடு, எடை, விலை

பழைய குறியீடுகளை அப்படியே வைத்துக்கொண்டு நெடுவரிசையை எழுத்து வடிவமாக மாற்றினாலும் வேலை நடக்கும். ஆனால் யாராவது ஒருநாள் சிஎஸ்வியை இரட்டைக் கிளிக் செய்து எக்செல்லில் திறந்தால் மறுபடி அதே கதைதான், ஏனென்றால் சிஎஸ்வி கோப்பு நெடுவரிசையின் வடிவத்தை நினைவில் வைத்திருக்காது. எவர் எதில் திறந்தாலும் கெடாத குறியீடு வேண்டும். ஆகவே புதுக் குறியீடுகளுக்குச் சில கட்டுப்பாடுகள் வைத்தோம். மாதச் சுருக்கம் எதுவும் வரக்கூடாது, சிறு கோடும் சாய்கோடும் வேண்டாம், பூஜ்யத்தில் தொடங்கக்கூடாது. இரண்டு எண்களுக்கு நடுவே ஆங்கில எழுத்து "இ" மட்டும் தனியாக நிற்கவும் கூடாது. அதை எக்செல் பத்தின் அடுக்காகப் படித்துவிடும். முதலில் மூன்று எழுத்து, பிறகு மூன்று இலக்கம், இடையில் எதுவும் இல்லை. அளவு வரிகளில் மட்டும் கடைசியில் ஓர் எழுத்து.

இரட்டைப் பதிவுகளில் எதை வைத்துக்கொள்வது என்று மகன் கேட்டான். புதிதாக வந்ததில் விலை சரியாக இருக்கிறதே என்பது அவன் எண்ணம். பழையதைத்தான் வைத்துக்கொண்டோம். வாடிக்கையாளர்கள் வாட்ஸ்ஆப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பியிருந்த லிங்குகள் பழைய பதிவுகளைத்தான் காட்டின. உள் எண்ணைக் கோப்பில் கொடுத்தால் வூகாமர்ஸ் அதை வைத்தே பழைய பதிவைக் கண்டுபிடித்துப் புதுப்பிக்கும். குறியீட்டையும் அப்போதே மாற்றிவிடலாம். ரப்பர் தேனில் அதிகம் விற்கும் 500 கிராமின் பதிவைத் தாய்ப் பொருளாக மாற்றி, மற்ற அளவுகளின் பழைய லிங்குகளை அதற்குத் திருப்பிவிட்டோம். பழைய ஆர்டர்களில் பெயரும் விலையும் தனியாகப் பதிவாகி இருப்பதால், பதிவுகளை நீக்குவதால் அவற்றுக்குப் பாதிப்பு இல்லை.

எடைக்கு இரண்டு நெடுவரிசைகள் வைத்தோம். நிகர எடை வாங்குகிறவருக்கு. அனுப்பும் எடை கொரியருக்கு. 500 கிராம் தேன் கண்ணாடிப் பாட்டில், சுற்றும் காகிதம், அட்டைப் பெட்டி எல்லாம் சேர்ந்து எவ்வளவு வருகிறது என்று கடைத் தராசிலேயே ஒவ்வொன்றாக நிறுத்து, கிலோவில் எழுதினோம். சிப்ஸுக்கு எடை மட்டும் போதாது. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண், உண்மையான எடையைவிட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் கொரியரில் காசு வாங்குவது வழக்கம். 30-க்கு 25-க்கு 15 பெட்டியில் வைத்த அரை கிலோ சிப்ஸ் அந்தக் கணக்கில் 2.25 கிலோ. அதுவரை சிப்ஸ் அனுப்பியதில் கைக்காசு போயிருக்கிறது என்பது அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. உயரம் குறைந்த பெட்டிக்கு மாறியதும் அதனால்தான்.

விலையில் ரூபாய் குறியும் காற்புள்ளியும் வேண்டாம், எண் மட்டும். அச்சிட்ட விலை வரியையும் சேர்த்தது. தளத்தின் அமைப்பிலும் "விலையில் வரி அடக்கம்" என்று இருக்கிறதா என்று ஏற்றுவதற்கு முன்பே பார்த்துக்கொண்டோம். அளவுகளை எழுதும்போது 1,000 கிராம் என்று எழுதக்கூடாது என்றும் வைத்தோம். தேர்வுகளை வூகாமர்ஸ் காற்புள்ளியை வைத்துத்தான் பிரிக்கும். 1 ஒரு தேர்வாகவும் 000 கிராம் இன்னொரு தேர்வாகவும் நிற்கும்.

தமிழ் எழுத்து

தமிழ் விளக்கங்களில் மூன்று விதமான கோளாறு இருந்தது. கேள்விக்குறிகளாக வந்தவைதான் எளிது. எக்செல்லில் சாதாரண சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் அந்தக் கோப்பில் நிற்காது. யூடிஎஃப்-8 சிஎஸ்வி என்று தனியாக இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேள்விக்குறியாகச் சேமித்ததிலிருந்து தமிழைத் திரும்ப எடுக்க முடியாது. மூல எக்செல் கோப்பை மகன் அழிக்காமல் வைத்திருந்தான், அதிலிருந்து எடுத்தோம்.

இரண்டாவது, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து வந்த வரிகள். லேபிள் அடித்த அச்சகத்தின் கோப்பிலிருந்து நகலெடுத்தவை அவை. அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். பாமினியில் தமிழ் எழுத்து என்பது வெறும் தோற்றம். உள்ளே இருப்பது ஆங்கில விசைகள். புள்ளிக்கு அரைப்புள்ளி விசை, "இ"க்குக் காற்புள்ளி விசை. "இயற்கை" என்று தொடங்கும் விளக்கம் கோப்பில் ஒரு காற்புள்ளியோடு தொடங்கும். நோட்பேடில் நேராக ஒட்டிய சில வரிகளில் அந்தக் காற்புள்ளி நெடுவரிசையைப் பிரித்து, அதற்குப் பின்னால் இருந்ததை எல்லாம் ஒரு கட்டம் தள்ளிவிட்டது. பாமினி வரிகள் எல்லாவற்றையும் எழுத்துரு மாற்றியில் போட்டு, எங்கே திறந்தாலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தோம்.

மூன்றாவது, கண்ணுக்கே தெரியாதது. நறுமணப் பொருள் என்ற பிரிவு, ஷீட்டில் வடிகட்டிப் பார்த்தால் இரண்டாக வந்தது. எழுத்துப்பிழை இல்லை, இடைவெளி வித்தியாசமும் இல்லை. யூனிகோடில் "பொ"வின் ஒகரக் குறியை ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு எழுத்தாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். "பொருள்" என்ற சொல்லுக்கு நீளம் எண்ணும் சூத்திரம் போட்டால் ஒன்றில் 6, இன்னொன்றில் 7 வந்தது. மாற்றியிலிருந்து வந்தவை இரண்டாம் வகை. எல்லாவற்றையும் முதல் வகைக்கு மாற்றினோம். பிரிவுப் பெயர்களை இனிக் கையால் அடிக்காமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி ஷீட்டில் கட்டுப்பாடு வைத்தோம். தமிழில் கடை நடத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் வரும் வழிகாட்டிகளில் இதைப் பார்க்க முடியாது.

பெயரிலும் இரட்டிப்பு இருந்தது. கணவர் எழுதிய கொள்முதல் பட்டியலில் அண்டிப்பருப்பு, பில்லில் முந்திரிப்பருப்பு. பொருள் ஒன்றுதான், ஸ்டாக் மட்டும் இரண்டு இடத்தில். தலைப்பில் முந்திரிப்பருப்பு, ஊர்க்காரர்கள் தேடும் பெயர் விளக்கத்தின் முதல் வரியில்.

படங்கள்

படங்கள் கூகுள் டிரைவில் இருந்தன. பகிர்வு லிங்கைக் கோப்பில் போட்டால் அது படத்துக்குப் பதில் ஒரு பக்கத்தைக் காட்டும். அந்தப் படம் இறங்காது. படங்களைப் புதுக் குறியீட்டின் பெயரில் சேமித்து, முதலில் தளத்தின் ஊடக நூலகத்தில் ஏற்றிவிட்டு, கோப்பில் பெயரை மட்டும் கொடுத்தோம்.

சோதனையும் ஏற்றமும்

சோதனைக்கு முதல் ஐந்து வரிகளை எடுக்கவில்லை. தொல்லை தரக்கூடிய ஐந்து பொருட்களைத் தேடி எடுத்தோம்: பல அளவுள்ள ரப்பர் தேன், விளக்கத்தில் காற்புள்ளிகள் நிறைந்த தேன் நெல்லிக்காய், பெரிய பெட்டியில் போகும் சிப்ஸ், பார்கோடு உள்ள முந்திரி, படமே இல்லாத குடம்புளி. வெளியீட்டு நெடுவரிசையில் 1 என்றால் பொருள் வெளியே தெரியும், 0 என்றால் தனிப்பட்டது, -1 என்றால் வரைவு. எல்லாவற்றுக்கும் -1 போட்டோம்.

ஏற்றிய பிறகு நிர்வாகப் பக்கத்தில் பார்த்ததோடு விடவில்லை. தேனையும் சிப்ஸையும் சில நிமிடங்களுக்கு மட்டும் வெளியிட்டு, போனில் வாங்குகிறவர் போலக் கூடையில் போட்டு, நாகர்கோவில், சென்னை, பெங்களூரு முகவரிகள் கொடுத்துக் கட்டணம் வருகிறதா என்று பார்த்தோம். முதல் தடவை இந்தச் சோதனையை யாராவது செய்திருந்தால், எடைப் பிழை அன்றைக்கே தெரிந்திருக்கும். சிப்ஸின் பெட்டி அளவில் நீளமும் உயரமும் இடம் மாறியிருந்தது தெரிந்தது, திருத்தினோம். பிறகு முழுக் கோப்பையும், புதுப்பிக்கும் கட்டத்தை டிக் செய்து உள் எண்ணுள்ள வரிகளைத் தனியாகவும், டிக் செய்யாமல் புது வரிகளைத் தனியாகவும் ஏற்றினோம். சில வரிகள் தோற்றன. காரணத்தை இறக்குமதி முடிவில் வரும் அறிக்கையில் பார்த்தபோது எல்லாமே படப் பெயரில் எழுத்துப்பிழை. அவற்றை மட்டும் தனிக் கோப்பாக எடுத்துத் திருத்தி ஏற்றினோம்.

பிறகு நடந்தது

ஓணத்துக்கு முன்பே கடை ஒழுங்காகத் திறந்தது. வெளிமாநில முகவரிகளுக்குக் கட்டணம் சரியாக வந்தது. தேனில் எதை வாங்குவது என்று கேட்டு வரும் போன்கள் குறைந்துவிட்டன என்று அக்கா சொன்னார்.

சரியாகாதது ஸ்டாக். கல்லாவில் சிப்ஸ் தீர்ந்துபோன பிறகும் ஆன்லைனில் இருப்பதாகக் காட்டியது. ஓண வாரத்தில் சில ஆர்டர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பில்லிங்கில் பழைய குறியீடு, ஆன்லைனில் புதுக் குறியீடு என்று இரண்டையும் ஒரு ஷீட்டில் பொருத்தி வைத்திருந்தோம். நெரிசலான நாளில் அந்த ஷீட்டைத் திறந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. அதன் பிறகு சிப்ஸுக்கு எண்ணிக்கை வைப்பதை விட்டுவிட்டார்கள். காலையில் பொரிப்பதற்கு ஏற்ப "இருக்கிறது", "இல்லை" என்று மட்டும் மாற்றுகிறார்கள். சிறுதேன் போன்ற குறைவான பொருளுக்கு மட்டும் எண்ணிக்கை உண்டு.

மறுபடி செய்தால் மாற்றுவது

பில்லிங் குறியீட்டையும் ஆன்லைன் குறியீட்டையும் ஒரே நாளில் மாற்றிவிட வேண்டும். லேபிள்களை மறுபடி அச்சடிக்கும் செலவை நினைத்து அதைத் தள்ளிப்போட்டார்கள். பணம் திருப்பிக் கொடுத்ததையும் தினமும் இரண்டு குறியீடு பார்க்கும் வேலையையும் வைத்துப் பார்த்தால், அந்தச் செலவைச் செய்திருக்கலாம் என்றே இப்போது குடும்பத்தார் சொல்கிறார்கள். அடுத்த லேபிள் அச்சில் மாற்றுவதாக இருக்கிறது.

கல்லாவில் நிற்பவரோடு உட்காரும் வேலை கோப்பைத் திறப்பதற்கு முன்பே நடக்க வேண்டும். இங்கே பிழைகளைத் தேடிப் போனதால்தான் அது நடந்தது. பேக் எடை, பெட்டி அளவு, எது தனிப் பொருள், எது அளவு என்பதெல்லாம் தளம் அமைத்த நாளிலேயே கேட்டிருக்க வேண்டியவை.

இப்போது மூலப் பட்டியல் ஒரே ஒரு கூகுள் ஷீட்டில் இருக்கிறது. குறியீடு, எச்எஸ்என், பார்கோடு, உணவு உரிமத்தின் 14 இலக்க எண் ஆகிய நான்கும் எழுத்து வடிவத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. விலையை அக்கா மட்டும் மாற்றுகிறார். மகன் அதிலிருந்து சிஎஸ்வியை இறக்கி, திறக்காமலே ஏற்றுகிறான். ஏற்றுவதற்கு முன் கடையின் நகலைத் தேதி போட்டு எடுத்து வைக்கிறான். பருவம் முடிந்து ஒரு தேன் வகை தீர்ந்துவிட்டால் அந்த வரியை அழிப்பதில்லை. "ஸ்டாக் இல்லை" என்று போட்டுவிட்டு, எப்போது வரும் என்பதை விளக்கத்தில் எழுதி வைக்கிறார்கள்.